ஒடிலோவின் குரலுக்கு வந்த ஆடுகள்

சுவிஸ் மலையூரான எங்கள் ஆர்பன்மாட்டில் ஒடிலோ இம்போடன் வீட்டில் இருக்கிறாரா, மலைமேல் இருக்கிறாரா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அது ஊருக்கே கேட்கும். கோடையில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் சட்டையைக்கூட மாற்றாமல், தோல்பையில் உப்பை அள்ளிக்கொண்டு மேல் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். ஏரி வாயில் கிடக்கும் தட்டைக் கற்களில் உப்பைத் தூவிவிட்டு, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "ஹோ சே, சே, சே" என்று ஒரு கூப்பாடு போடுவார். மலை முழுக்கச் சிதறி மேயும் செம்மறிகளில் இவருடையவை மட்டும் தலையைத் தூக்கும். அக்கரைப் பாறைச் சரிவில் நின்றாலும் சரி, கரையைச் சுற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். மற்றவர்களின் ஆடுகள் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கூப்பாடு. அடுத்தவன் கூப்பாட்டை எடுத்து ஆட்டை அழைப்பது, அடுத்தவன் பெண்டாட்டியைச் செல்லப்பேர் வைத்துக் கூப்பிடுவதற்குச் சமம். ஒருத்தரும் செய்வதில்லை. செய்தாலும் ஆடு வராது. குரல் வேறு என்று அதற்குத் தெரியும்.

ஒடிலோ மாமா என் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி. வயது ஐம்பத்தெட்டு. தோள் அகலம், கால் குட்டை, கண்ணில் எப்போதும் வெயில் பார்க்கிற சுருக்கம். கல்யாணம் ஆகவில்லை. விஸ்ப் நகரத்தில் ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தியோடு நாலு வருஷம் பேச்சு இருந்தது. "உன் சட்டைல எப்பவும் ஈரக் கம்பளி வாசம்" என்று அவள் ஒருநாள் சொன்னாளாம். மறுவாரம் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டு போனபோது கடையில் வேறு ஒருத்தி நின்றிருக்கிறாள். இதைச் சொல்லும்போது மாமா தானே சிரிப்பார். "நல்லவேளை, சோப்புக் காசோட போச்சு" என்பார். குளிர்காலத்தில், பனிச்சறுக்க வருகிறவர்களை மேட்டுக்கு இழுத்துப்போகும் கம்பியடியில் நின்று, அவர்கள் பிடித்துக்கொள்ளக் கொக்கியை எடுத்துக் கொடுக்கும் வேலை. அதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. நீ யார் என்று கேட்டால், ஆட்டுக்காரன் என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

அவரோடு இருந்தது அக்கா பிலோமினா. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். முதியோர் இல்லத்தில் இருபது வருஷம் சமையல் செய்தவர் என்பதால், யாரோடு பேசினாலும் காது கேட்காதவரோடு பேசுவது மாதிரிதான் பேசுவார். எனக்குப் பெரியம்மா.

போன வருஷம் ஆகஸ்டில் மாமாவுக்கு முட்டி போய்விட்டது. செப்டம்பரில் மந்தை இறக்கும் நாளன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். மூடுபனி, கூடவே காலம் தப்பி விழுந்த பனி. ஊர்க்காரர்கள் அவர் ஆடுகளையும் சேர்த்துத்தான் ஓட்டிவந்தார்கள். ஆனால் கூப்பிட அவர் குரல் இல்லை. ஆறு ஆடுகள் வரவில்லை. இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, விழுந்திருக்கும், இல்லை ஓநாய் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இறங்கி வந்தவற்றை, முட்டி இனி மலை தாங்காது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா வியாபாரியிடம் விற்றுவிட்டார். மாமாவும் சரி என்றுதான் சொன்னார். மயக்க மருந்து முழுசாகத் தெளியாத சமயத்தில் கேட்டால் யாரும் சரி என்பார்கள்.

வீட்டுக்கு வந்து, வெறும் தொழுவத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மெழுகுதிரித் திருநாள் ஞாபகம் வந்தது. பிப்ரவரி மாதம் அந்தத் திருநாளன்று மேய்ச்சல் தலைவர் வீடு வீடாக வந்து தொழுவத்தைப் பார்ப்பார். குட்டி போடக்கூடிய பெட்டை ஒன்றாவது நிற்க வேண்டும். நிற்காத வீட்டின் மேய்ச்சல் பங்கு ஊர்ப் பொதுவுக்குப் போய்விடும். போனால் போனதுதான், பிறகு கோயிலைக் கட்டிக் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. புதிதாக ஒரு பெட்டையைச் சந்தையில் வாங்கிக் கட்டினாலும் செல்லாது, முந்தின கோடையில் நம் மலையில் மேய்ந்ததாக இருக்க வேண்டும். இம்போடன் வீட்டுக்கு மேல் ஏரிப் பக்கம் இருந்த பங்கு எத்தனை தலைமுறை என்று அவருக்கே தெரியாது. பங்கு போனால் ஆடு வளர்க்க இடமில்லை. ஆடு இல்லையென்றால் அவர் கொக்கி எடுத்துக் கொடுக்கிறவர். அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கேட்டால், முட்டிக்கு ஓய்வு என்பார்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், அம்மா சுட்ட கம்பு ரொட்டியைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். படிப்பு முடித்துப் பட்டத்தோடு ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான், அதை அம்மா ரொட்டியோடு சேர்த்தே ஊருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வேட்டைக் காவலர் செவெரின் உள்ளே வந்தார். தொலைநோக்கி இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

"ஒடிலோ, உன் ஆடு செத்துப்போச்சுன்னு யாருய்யா சொன்னது?"

"நீதான் சொன்னே. ஓநாய் தின்னுருக்கும்னு."

"ஓநாய்க்கும் ஒரு தராதரம் இருக்கில்ல. மேல் ஏரிக்கு அக்கரைல, வெயில் பாறைக்குக் கீழ நிக்குதுங்க. காத்து பனியை அடிச்சுட்டுப் போயிடுது, கீழ பழைய புல்லு. அதைத் தின்னுக்கிட்டு, எலும்பும் கம்பளியுமா. ஆறும் இருக்கு."

மாமா எழுந்தார். முட்டியைப் பிடிக்காமல் எழுந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

"உட்காருடா. ஆறு ஆடு நிக்குதுன்னா நின்னுட்டுப் போகட்டும். ஹெலிகாப்டர்லயா கொண்டுவரப் போற?" என்றார் பெரியம்மா.

"தடம் மிதிச்சா நடந்து வரும்."

"யாரு மிதிக்கிறது? உன் முட்டியா?"

 பெரியம்மா மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதோ ஒருத்தன் இருக்கானே. படிச்சு முடிச்சுட்டு ஊரார் ரொட்டியைச் சுமந்துக்கிட்டுத் திரியறான்."

"அது எங்க வீட்டு ரொட்டி பெரியம்மா. அடுத்த மாசம் பேர்ன்ல வேலைல சேரணும்."

"அடுத்த மாசம்தானே. வைக்கோல் தூக்கினா பட்டத்துல பாதி உதிர்ந்துடுமா?"

உதிராது என்றேன். எனக்கும் சந்தோஷம்தான்.

செவெரின் மேசைமேல் ரொட்டித் துண்டுகளை வைத்து வழி காட்டினார். வெயில் பாறைக்குக் கீழே போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மேலிருந்து பனிச்சரிவு இறங்கும். ஆட்டை மேலே ஏறவிடாதீர்கள், ஏறினால் சரிவை அதுவே உடைத்துவிடும். அந்தப் பாறையைப் பற்றியே நாலு முறை சொன்னார். ஏரி டிசம்பரிலேயே உறைந்துவிட்டது, இருந்தாலும் யாரும் ஏரிமேல் நடக்க வேண்டாம், கரையோடு போங்கள் என்றும் சொன்னார். அதெல்லாம் எங்கள் ஊரில் ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பனிக்காலத்தில் செம்மறியை இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. புதுப்பனியில் ஆடு வயிறுவரை புதைந்து நின்றுவிடும், நின்றால் அங்கேயே படுத்துவிடும். அதனால் முதல்நாள் கால் புதையாமலிருக்கப் பனிமிதியடி கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக, ஒரே தடத்தில், போகும்போதும் வரும்போதும் மிதித்து வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் போட வேண்டும். இரவுக் குளிரில் அது இறுகிக் கல்லாகிவிடும். மறுநாள் காலை ஆடு அதில் நடக்கும்.

மிதித்தோம். எனக்கு வாடகைக்கு எடுத்த அலுமினிய மிதியடி. மாமாவுக்கு, மரச்சட்டத்தில் மாட்டுத்தோல் வார் பின்னிய பழைய ஜோடி. பெரியம்மா புருஷனுடையதைக் கட்டிக்கொண்டு வந்தார். அது அவருக்கு ரொம்பப் பெரிது. முன்காலால் பின்காலைத் தானே மிதித்து இரண்டு முறை விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "பாத்தியா, நான் விழுந்தாத்தான் பள்ளம் அகலமா வருது, நீங்க ரெண்டு பேரும் கொக்கு மாதிரி நடக்கறீங்க" என்றார்.

லார்ச் மரக்காடு முடியும்வரை மாமா முன்னால் போனார். காடு தாண்டியதும் முட்டி இழுக்கத் தொடங்கியது. வலிக்காக நிற்கிறதாக ஆள் காட்டிக்கொள்ளவில்லை. மூக்கு சிந்துவார், மிதியடி வாரை அவிழ்த்துக் கட்டுவார், அந்த மலையில் என்றைக்கும் மாறாத ஒன்றை ரொம்ப நேரம் பார்ப்பார்.

"வார் எத்தனை தடவைடா அவிழும்?" என்றார் பெரியம்மா.

"பழைய தோல்."

"தோலா பழசு?"

அதற்கு மாமா சிரித்துவிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். பாதி வழியில் காய்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். ஆறில் நாலு பெட்டை சினையாகத்தான் இருக்கும், பிப்ரவரி கடைசியில் குட்டி போடும், இரட்டைக் குட்டி போடும் வம்சம் அது என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஒன்று மட்டும் காயடித்த கிடா, கிழடு, அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. "அதுவும் ஒரு ஆள்தானே" என்றார். அன்றைக்கு ஏரிக்கு ஒரு மேடு கீழேவரை பள்ளம் போட்டுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் விடியும்போது நல்ல குளிர். பள்ளம் கல்லாக இறுகிக் கிடந்தது, அடிவைத்தால் சத்தம் கேட்டது. முந்தின நாள் நாலு மணிநேரம் மிதித்ததை ஒன்றரை மணியில் ஏறிவிட்டோம். மிச்ச மேட்டையும் மிதித்துக்கொண்டு ஏரி வாய்க்குப் போனபோது வெயில் எதிர்ப்பாறை உச்சியை மட்டும் தொட்டிருந்தது.

ஏரி என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வெள்ளையாக ஒரு தரை, சுற்றி மலை. தெரியாதவன் பந்து விளையாடலாம் என்பான். அக்கரையில், பாறைக்கு அடியில், பழுப்பாக ஆறு புள்ளிகள். மாமா எண்ணினார். மறுபடி எண்ணினார்.

திட்டம் இதுதான். நானும் பெரியம்மாவும் கரையோடு வலப்பக்கமாகச் சுற்றி அக்கரை போய், காய்ந்த புல்லைக் காட்டி, ஆடுகளை அதே கரைவழியாக ஓட்டிவருவது. முட்டியோடு மாமா இந்தப் பக்கமே, பள்ளத்தின் வாயில், உப்புக்கல் இருக்கும் இடத்தில் நிற்பது. ஆடு பக்கத்தில் வந்த பிறகு முன்னால் நடந்து கீழே அழைத்துப்போவது.

"நீ வாயைத் திறக்காதே. நாங்க பின்னால போய் நிக்கிறவரைக்கும்" என்றார் பெரியம்மா.

"தெரியும் அக்கா. முப்பது வருஷமா எனக்குத் தெரியும்."

நாங்கள் முக்கால் பங்கு சுற்றிவிட்டோம். ஆடுகளின் விலா எலும்பு தெரிகிற அளவுக்கு நெருங்கிவிட்டோம். கம்பளியில் பனிக்கட்டிகள் மணி மாதிரித் தொங்கின. நான் புல்கட்டை இறக்கி, ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினேன். நாலைந்து மாதம் மனித வாசமே இல்லாமல் இருந்த ஆடுகள். ஒன்று மூக்கை நீட்டிப் பார்த்தது, பிறகு எல்லாமே திரும்பிப் பாறையை நோக்கி ஏற ஆரம்பித்தன. மேலே, செவெரின் நாலு முறை சொன்ன அந்தச் சரிவு. வெயில் அதற்குள் பாதிப் பாறைவரை இறங்கியிருந்தது.

"போகாதே, போகாதே" என்று பெரியம்மா மெல்லச் சொல்லிக்கொண்டே அசையாமல் நின்றார். நானும் நின்றேன். நாங்கள் ஒரு எட்டு வைத்தால் அவை இரண்டு எட்டு ஏறும். முன்னால் போன பெட்டை சரிவின் விளிம்பில் கால் வைத்துவிட்டது.

அப்போது மாமா நின்ற பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஹோ சே, சே, சே.

அந்தக் குளிரில் அது பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஆறு ஆடுகளும் ஒரே நேரத்தில் நின்றன. தலை தூக்கின. என் கண்ணில் நீரே வந்துவிட்டது, சந்தோஷத்தில். பெரியம்மா என் கையைப் பிடித்து, "வருதுங்க பாரு" என்றார்.

வந்தன. சரிவை விட்டிறங்கி, எங்களைத் தாண்டி, நாங்கள் அங்கே நிற்பதையே மறந்த மாதிரி ஓடின. நேராக ஓடின. கோடையில் தண்ணீர் இருக்கும், சுற்றி ஓடும். இன்றைக்குத் தண்ணீர் இல்லை, அவர் குரலுக்கும் அவற்றுக்கும் நடுவில் சமமான தரைதான் இருந்தது.

ஆடுகள் நின்ற பக்கம் பாறைக்கடியிலிருந்து ஓர் ஓடை ஏரியில் இறங்குகிறது. பனிக்காலத்திலும் நிற்காது. அது இறங்கும் இடத்துக்கு முன்னால் பனிக்கட்டி எப்போதும் தட்டு மாதிரிதான் இருக்கும், மேலே பனி மூடியிருப்பதால் தெரியாது. மாமாவுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாத ஒரு முழம் அந்த ஏரியில் கிடையாது. சரிவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும்தான்.

அவர் கையை வீசிக் கத்த ஆரம்பித்தார். "போ, திரும்பிப் போ, ஏய்" என்று. அவருடைய குரலுக்கு அந்த ஆடுகள் ஒரே ஓர் அர்த்தம்தான் கற்றிருந்தன. கத்தக் கத்த வேகமாக ஓடின. அவருக்கு அது புரிந்த கணத்தை நான் எதிர்க்கரையிலிருந்து பார்த்தேன். சத்தம் சட்டென்று நின்றது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, தன்னைப் பார்த்துத்தானே வருகின்றன என்று நினைத்தாரோ என்னவோ, பள்ளத்துக்குள் குப்புறப் படுத்து மறைந்துகொண்டார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி. முன்னால் போன மூன்றும் சேர்ந்தே இறங்கின, அடுத்த இரண்டும் நிற்கப் பார்த்து வழுக்கி இறங்கின. பெரியம்மா மிதியடியோடு பனிக்கட்டிமேல் குப்புறப் படுத்து நகர்ந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் படுத்தேன். கொம்பு பிடிபடும் தூரத்துக்கு அவர் போகவேயில்லை, அடியில் விரிசல் ஓடியதால் நான் இழுத்துவிட்டேன். நனைந்த கம்பளி எவ்வளவு கனம் என்று ஆடு கழுவினவர்களுக்குத் தெரியும். அவை நீந்தக்கூட முயலவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் முகவாயைக் கட்டிமேல் வைத்துக்கொண்டு, மாமா இருந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

கிழட்டுக் கிடா மெதுவாக வந்துகொண்டிருந்ததால் கரையிலேயே நின்றுவிட்டது. அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டுக் கரையைச் சுற்றி நடத்திக்கொண்டு போனோம்.

மாமா உட்கார்ந்திருந்தார். உப்புப் பை மடியில் இருந்தது.

பெரியம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. விற்றபோதே எல்லாம் முடிந்தது என்று சொல்லலாம், வாயைத் திறக்காதே என்றேனே என்று சொல்லலாம். ஈரச் சட்டை விறைத்துப்போய் நின்றுகொண்டு, "முட்டி வலிக்குதாடா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல" என்றார். இறங்கும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான். பள்ளம் நன்றாக இறுகி, அகலமாக, ஆறு ஆடு தாராளமாக நடக்கும்படி இருந்தது. கிடா அதில் சிரமமில்லாமல் நடந்து வந்தது.

மெழுகுதிரித் திருநாளுக்கு நாலைந்து நாள் இருந்தது. திருநாளன்று காலை பூசைக்கு முன்னால் செவெரின் தன் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் தொழுவத்தில், கிடாவுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுப் போனார். பெரியம்மாவுக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்கும் தெரியும், ஏன், பாதி ஊருக்குத் தெரியும். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மேய்ச்சல் தலைவர் கஸ்பார் இரண்டு பேரோடு வந்தார். தொழுவ வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல் எட்டிப் பார்த்தார். கிட்டே போனால், ஆடு யாருடையது என்று சொல்லும் காது வில்லை தெரியும் என்று அவருக்குத் தெரியாதா?

"ரெண்டு உருப்படி. ஒண்ணு பெட்டை. சரியாப்போச்சு. பிலோமினா, காபி இருக்கா?"

"பெட்டை என்னுதில்ல" என்றார் மாமா.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் ஒடிலோ."

"செவெரினுது."

"வாயை மூடுடா" என்றார் பெரியம்மா.

செவெரின் முன்னால் வந்தார். "உனக்குக் கொடுத்துட்டேன்யா. இங்க எல்லாரும் சாட்சி. போன கோடை நம்ம மலைலதான் மேஞ்சது. இனிமே அது உன்னுது. யாரு கேக்கப் போறா?"

"கோடைல மேல விட்டா அதை எப்படிக் கூப்பிடறது?"

"என்னய்யா கேள்வி இது? உன் கூப்பாட்டைப் பழக்கு. ரெண்டு ஞாயிறு உப்பு வெச்சா தன்னால வருது."

"வரும்" என்றார் மாமா. "எங்க நின்னாலும் வரும்."

 கஸ்பார் ஒரு தரம் பெரியம்மாவைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி. பெரியம்மா கதவுத் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கஸ்பார் பையிலிருந்து, வீட்டுவாரியாக மேய்ச்சல் பங்கு வெட்டியிருக்கும் குறிக்கட்டையை எடுத்து, இம்போடன் வீட்டுக் குறியைத் தேடிப் பிடித்து, கத்தியால் சீவி அழிக்கத் தொடங்கினார். மழுங்கின கத்தி. குறியும் ஆழமாக வெட்டினது. நேரம் எடுத்தது.

சீவி முடித்ததும் செவெரின் பெட்டையை அவிழ்த்தார். தொழுவத்துச் சூட்டுக்குப் பழகிவிட்டதோ என்னவோ, அது வாசற்படியில் காலை ஊன்றிக்கொண்டு இறங்க மறுத்தது. அவர் முன்னாலிருந்து இழுத்தார். பின்னாலிருந்து தள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒடிலோ மாமாதான் தள்ளினார்.